ஸியெஷ் செல்சியில் ஏன் எடுபடவில்லை, மொராக்கோவில் மட்டும் எப்படி?

கேட்கப்பட்ட கேள்வி இது: 2022 கால்பந்து உலகக் கோப்பையில் மொராக்கோவுக்காக அவ்வளவு அருமையாக ஆடிய ஹக்கிம் ஸியெஷ், அதே சமயத்தில் லண்டன் கிளப்பான செல்சியில் மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது எப்படி, அவருடைய கிளப் வாழ்க்கை வீணாய்ப் போய்விட்டதா?

வீணாகவில்லை என்பதுதான் என் பதில். ஆனால் அதைப் புரிந்துகொள்ள அவர் எப்படிப்பட்ட ஆட்டக்காரர் என்பதிலிருந்து தொடங்க வேண்டும், கோல் கணக்கிலிருந்து தொடங்கினால் எதுவும் பிடிபடாது. ஸியெஷ் பந்தை இழப்பவர். நிறைய இழப்பவர். பத்து மீட்டர் தள்ளி நிற்கும் ஆளுக்குப் பத்திரமாகத் தட்டிவிடலாம் என்ற இடத்தில் நாற்பது மீட்டர் குறுக்கே, இரண்டு டிஃபென்டர்களுக்கும் கோல்கீப்பருக்கும் நடுவில் இருக்கும் ஒரு சின்ன இடைவெளியைக் குறிவைத்துத் தூக்கிப் போடுவார். பாதிக்கு மேல் வீணாகும். ஒன்றிரண்டு கோலாகும். அந்தப் பாதியைப் பொறுத்துக்கொண்ட அணிகளிலெல்லாம் அவர் ராஜா, பொறுக்காத அணிகளில் பெஞ்ச். அவருடைய மொத்த வாழ்க்கையையும் இந்த ஒரே கோட்டில் வைத்துப் படிக்கலாம் என்று நினைக்கிறேன்.

1993 மார்ச் 19 அன்று நெதர்லாந்தின் ட்ரோன்டன் ஊரில் பிறந்தார். கடலை வடித்து எடுத்த நிலத்தின் மேல் எழுப்பிய சின்ன ஊர் அது. 1969-இல் மொராக்கோவும் நெதர்லாந்தும் தொழிலாளர் ஒப்பந்தம் போட்ட பிறகு அங்கே போய்க் குடியேறிய மொராக்கோ குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு, அந்தத் தலைமுறையின் பிள்ளைகளில் ஒருவர் இவர். ஒன்பது பிள்ளைகளில் கடைக்குட்டி. பத்து வயதில் அப்பா இறந்துபோனார். அதற்குப் பிறகு கொஞ்ச காலம் பையன் தடம் மாறிப் போனதும், நெதர்லாந்தின் முதல் மொராக்கோ தொழில்முறை வீரர் என்று சொல்லப்படும் அஸீஸ் டூஃபிகார் அவரைப் பிடித்து மறுபடி கால்பந்துப் பக்கம் திருப்பியதும் அங்கே எல்லாரும் அறிந்த கதை. ஹீரன்வீன் கிளப்பின் அகாடமி, 2012-இல் சீனியர் அணி, அப்போது பயிற்சியாளர் மார்கோ வான் பாஸ்டன். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

2013-14 சீசனில் ஹீரன்வீனின் ஐஸ்லாந்து ஸ்ட்ரைக்கர் ஆல்ஃப்ரெட் ஃபின்போகாசன் 29 கோல் அடித்து லீகில் முதலிடம் பிடித்தார். அவருக்குப் பின்னால் நின்று பந்தை ஊட்டிக்கொண்டிருந்தவர்களில் முக்கியமானவர் இருபது வயது ஸியெஷ். அடுத்து ட்வென்டே. அது அப்போது கடனில் மூழ்கிக்கொண்டிருந்த கிளப், 2015-16 சீசனில் பட்டியலின் கீழ்ப்பாதியில்தான் முடித்தது, அப்படிப்பட்ட அணியில் இருந்துகொண்டு இவர் லீகில் 17 கோல் அடித்தார். கேப்டனாகவும் இருந்தார். அங்கே பந்தை இழந்தாலும் யாரும் எதுவும் கேட்க முடியாது, ஏனென்றால் அணியில் வேறு யாராலும் எதுவும் செய்ய முடியவில்லை.

2016 ஆகஸ்ட் கடைசியில் சுமார் 1.1 கோடி யூரோவுக்கு ஆம்ஸ்டர்டாமின் அயாக்ஸ் கிளப் வாங்கியது. இங்கேதான் முதல் உரசல். அயாக்ஸ் ரசிகர்கள் சாதாரண ரசிகர்கள் கிடையாது, பாஸ் தவறினால் அதைத் தனிப்பட்ட அவமானமாக எடுத்துக்கொள்பவர்கள். சொந்த மைதானத்திலேயே விசில் அடித்துக் கேலி செய்தார்கள். அவரும் சளைக்கவில்லை. மறு நிமிடமே அதே கடினமான பாஸைத் திரும்ப முயற்சிப்பார். அந்த ஒரு குணத்துக்காகவே எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும், மைதானமே விசிலடிக்கும்போது பத்திரமான பாஸுக்கு ஒதுங்கிக்கொள்ளாத தைரியம் எல்லாருக்கும் வராது. 2018-இல் அங்கே ஆண்டின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே கிடைத்தது.

அந்தச் சமயத்தில் எரிக் டென் ஹாக் பயிற்சியாளராக வந்தார், அடுத்த கோடையில் டூசான் டாடிச்சும் டேலி பிளிண்டும் வந்தார்கள். டென் ஹாக் செய்த பெரிய காரியம், நடுவில் ஆடிக்கொண்டிருந்த ஸியெஷை வலது விளிம்புக்கு நகர்த்தியது. இடது காலாட்டக்காரர் வலப்பக்கம் நின்றால் உள்ளே திரும்பும்போது மொத்த மைதானமும் கண்ணுக்கு முன்னால் விரியும். வலது மூலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, கோலிலிருந்து முப்பது மீட்டர் தூரத்தில் பந்தை வாங்குவார். ஒரு தொடல், தலையைத் தூக்கி ஒரு பார்வை, அவ்வளவுதான், இடது காலால் சுழற்றி விடுவார். அந்தப் பந்து வெளியே போவது மாதிரி கிளம்பி, வளைந்து, டிஃபென்டர்களின் தலைக்கு மேலே போய்க் கோலின் தூரக் கம்பத்துக்கு முன்னால் இறங்கும். இடப்பக்கத்திலிருந்து ஒருவர் ஓடி வந்தால் போதும். கோல்கீப்பர் வெளியே வரவும் முடியாது, கோட்டிலேயே நிற்கவும் முடியாது.

சரி, விளிம்பில் ஆடும் விங்கருக்கு இது அழகான வேலை. ஆனால் தவறினால்? அயாக்ஸில் அதற்கு விடை இருந்தது. பந்து போன அடுத்த நொடியே சுற்றி நிற்கும் நாலைந்து பேர் பாய்ந்து அதைத் திரும்பப் பிடுங்கிவிடுவார்கள். டோனி வான் டெ பீக், டாடிச், டாவிட் நேரெஸ், பின்னால் ஃப்ரெங்கி டி யோங், வலப்பக்கத் தடுப்பாட்டக்காரராக, அதாவது ஃபுல் பேக்காக நுஸைர் மஸ்ராவி, எல்லாருமே முன்னோக்கி வேட்டையாடுகிறவர்கள். அதனால் ஸியெஷின் தவறான பாஸுக்கு விலை மிகக் குறைவு. சில சமயம் அந்தத் தவறான பாஸே, திரும்பப் பிடுங்கிய பிறகு, கோல் வாய்ப்பாக மாறிவிடும்.

2019 மார்ச் 5, மாட்ரிட். ஐரோப்பியக் கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீகில் ரியல் மாட்ரிட்டுடன் ஆட்டம். இரண்டு ஆட்டங்கள் கொண்ட சுற்றின் முதல் லெக்கில் ஆம்ஸ்டர்டாமில் 2-1 என்று தோற்றிருந்தார்கள். சாண்டியாகோ பெர்னபியூவில் 7-வது நிமிடத்தில் டோனி க்ரூஸிடமிருந்து பறிபோன பந்தை டாடிச் வலப்பக்கம் கொண்டுபோய்ப் பின்னோக்கிக் கொடுத்தார், ஓடி வந்த ஸியெஷ் நிறுத்தவேயில்லை, வந்த பந்தை வந்தபடியே கோல்கீப்பர் கூர்த்துவாவைத் தாண்டித் தள்ளினார். 4-1 என்று முடிந்தது அந்த ஆட்டம், தொடர்ந்து மூன்று முறை அந்தக் கோப்பையை வென்ற அணி அவர்கள் வீட்டிலேயே வெளியேறியது. மே 8 அன்று டாட்டன்ஹாமுக்கு எதிரான அரையிறுதியின் இரண்டாம் லெக்கிலும் 35-வது நிமிடத்தில் டாடிச் கொடுத்த பந்தை முதல் தொடலிலேயே தூர மூலைக்கு அனுப்பி 2-0 ஆக்கினார், மொத்தக் கணக்கில் 3-0. இறுதியாட்டம் கைக்கு வந்த மாதிரிதான். அப்புறம் டாட்டன்ஹாமின் லூகாஸ் மௌரா இரண்டு கோல் போட்டார். கடைசிப் பத்துப் பதினைந்து நிமிடங்களில் ஸியெஷ் அடித்த ஒரு பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. 96-வது நிமிடத்தில் மௌராவின் மூன்றாவது கோல், மொத்தக் கணக்கு 3-3, எதிராளி மைதானத்தில் அடித்த கோல் கணக்கில் அயாக்ஸ் வெளியே. அந்தக் கம்பம் நாலு விரற்கடை நகர்ந்திருந்தால் அவரைப் பற்றிய பேச்சே வேறு மாதிரி இருந்திருக்கும். அந்த சீசனில் டச்சு லீகும் கோப்பையும் கிடைத்தன.

செல்சி எதைப் பார்த்து வாங்கியது என்பதும் முக்கியம், ஏனென்றால் அவர்கள் நேரிலேயே பார்த்தார்கள். 2019 நவம்பர் 5 அன்று ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜில் 4-4 என்று முடிந்த பைத்தியக்கார ஆட்டம். கிராஸ் வரும் என்று எல்லாரும் காத்திருக்க, பக்கக் கோட்டை ஒட்டிக் கிடைத்த ஃப்ரீ கிக்கை நேராக கோலுக்கே சுழற்றினார், அது கம்பத்தில் பட்டு கோல்கீப்பர் கெபாவின் முகத்தில் மோதி உள்ளே போனது. அயாக்ஸ் ஒரு கட்டத்தில் 4-1 முன்னிலை, பிறகு இரண்டு பேர் சிவப்பு அட்டை வாங்கியதால் அது கரைந்தது. மூன்று மாதம் கழித்து, 2020 பிப்ரவரியில், சுமார் 4 கோடி யூரோவுக்குச் செல்சி ஒப்பந்தத்தை அறிவித்தது. அதன் பிறகு கொரோனா, டச்சு லீக் பாதியிலேயே ரத்து. ஆம்ஸ்டர்டாம் ரசிகர்களிடம் நிறைந்த மைதானத்தில் ஒரு விடைபெறல்கூட அவருக்கு வாய்க்கவில்லை.

செல்சியில் ஃபிராங்க் லாம்பார்ட் காலத்தில் அவர் நன்றாகவே தொடங்கினார், இதை இப்போது பலர் மறந்துவிட்டார்கள். சீசனுக்கு முந்தைய ஆட்டத்தில் முட்டியில் அடிபட்டு அக்டோபரில்தான் வந்தார், வந்த கையோடு க்ராஸ்னோடாருக்கு எதிராகவும் பர்ன்லிக்கு எதிராகவும் கோல், ஷெஃபீல்ட் யுனைடெட் ஆட்டத்தில் அந்தப் பழைய தூரக் கம்பப் பந்துகள். டிசம்பரில் தொடைத் தசை பிடித்துக்கொண்டது. ஜனவரியில் லாம்பார்டை நீக்கிவிட்டுத் தாமஸ் டுக்கலைக் கொண்டு வந்தார்கள். அங்கேயே அவர் கதை பாதி முடிந்துவிட்டது.

டுக்கலின் அணியில் பின்னால் மூன்று பேர், விளிம்பு முழுவதும் மேலும் கீழும் ஓடும் விங் பேக்குகளுக்கு, முன்னால் ஸ்ட்ரைக்கருக்குப் பின்னே இரண்டு பேர் நெருக்கமாக நடுவில். அதாவது ஸியெஷ் நிற்க விரும்பும் இடத்தில் வேறொருவர் நிற்கிறார். அதைவிட முக்கியம், அந்த அணியின் பலமே பந்தை இழக்காமல் இருப்பதுதான். ஆட்டத்தை இறுக்கிப் பிடித்து, எதிராளிக்கு ஒரு வாய்ப்புகூடக் கொடுக்காமல் 1-0 என்று வெல்வார்கள். அப்படி வென்றுதான் 2021-இல் சாம்பியன்ஸ் லீகே கிடைத்தது. அப்படிப்பட்ட இடத்தில் பத்துக்கு ஆறு தவறவிடும் ஆளைத் தொடர்ந்து ஆடவைக்க எந்தப் பயிற்சியாளரும் யோசிப்பார். டுக்கலைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவர் வழி அவருக்குக் கோப்பையைக் கொடுத்தது.

அதற்காக ஸியெஷ் அங்கே சும்மா இருந்தார் என்று சொல்வது அநியாயம். அட்லெடிகோ மாட்ரிட்டுக்கு எதிரான நாக்அவுட் ஆட்டத்தில் எதிர்த்தாக்குதலில் கோல் அடித்தார். மான்செஸ்டர் சிட்டியை இங்கிலாந்தின் எஃப்ஏ கோப்பை அரையிறுதியில் வீழ்த்திய ஒரே கோல் அவருடையது. ஐரோப்பிய சூப்பர் கோப்பையில் ஸ்பெயினின் விய்யாரியாலுக்கு எதிராகக் கோல் அடித்த அதே ஆட்டத்திலேயே தோள்பட்டை போய் வெளியேறினார். 2022 ஜனவரியில் டாட்டன்ஹாமுக்கு எதிராக வலப்பக்கத்திலிருந்து வெட்டி உள்ளே வந்து மேல் மூலைக்கு வளைத்த கோலைத் தேடிப் பாருங்கள், நான் சொல்லும் இடது கால் என்ன என்று விளங்கும். ஆனாலும் போர்ட்டோவில் நடந்த அந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் அவர் பெஞ்சை விட்டு எழவே இல்லை. மூன்று வருடத்தில் நூற்றுச் சொச்சம் ஆட்டம், கோல் இருபதைத் தொடவில்லை. அயாக்ஸில் 165 ஆட்டத்தில் கிட்டத்தட்ட 50.

இப்போது மொராக்கோ பக்கம். நெதர்லாந்தின் இளையோர் அணிகளில் ஆடியவர் அவர், 2015 கோடையில் அந்நாட்டுப் பயிற்சியாளர் குஸ் ஹிடிங்க் சீனியர் அணிக்கே அழைத்தார், காயத்தால் விலகினார். அந்த ஆண்டு செப்டம்பரில் மொராக்கோவுக்கு ஆடப் போவதாக அறிவித்து, அக்டோபரில் ஐவரி கோஸ்ட்டுக்கு எதிராக முதல் ஆட்டம் ஆடினார். அவருக்கு முதல் வாய்ப்பு கொடுத்த அதே வான் பாஸ்டன், மொராக்கோவைத் தேர்ந்தெடுத்தது முட்டாள்தனம் என்ற பொருளில் வெளிப்படையாகப் பேசினார். இது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. நெதர்லாந்தில் பிறந்து வளர்ந்த பையன் நெதர்லாந்துக்கு ஆடாவிட்டால் முட்டாளா? 2016 யூரோ கோப்பைக்கும் 2018 உலகக் கோப்பைக்கும் நெதர்லாந்து தகுதியே பெறவில்லை, 2018-இல் ரஷ்யாவில் மொராக்கோ இருந்தது, ஸியெஷும் இருந்தார். சரியான தேர்வு என்று காட்ட இந்தக் கணக்குகூடத் தேவையில்லை. அம்மா அப்பாவின் நாட்டுக்கு ஆடுகிறேன் என்பதற்கு யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. 2022 அணியின் 26 பேரில் 14 பேர் மொராக்கோவுக்கு வெளியே பிறந்தவர்கள். ஹக்கிமி மாட்ரிட், புனு மாண்ட்ரியல், அம்ராபட் நெதர்லாந்து, பயிற்சியாளர் வாலிட் ரெக்ராகியே பிரான்ஸில் பிறந்தவர்.

ஆனால் தேர்ந்தெடுத்த நாட்டிலும் அவருக்குப் பாதை சுலபமாக இல்லை. 2017 ஆப்பிரிக்கக் கோப்பைக்கு அப்போதைய பயிற்சியாளர் ஹெர்வே ரெனார் அவரைச் சேர்க்கவில்லை, கோபித்துக்கொண்டு ஒதுங்கினார், பிறகு ரெனாரே நெதர்லாந்து வரை போய்ப் பேசிச் சமாதானம் செய்தார், திரும்பி வந்த கையோடு மாலியை 6-0 என்று நொறுக்கினார்கள். 2019 ஆப்பிரிக்கக் கோப்பையில் பெனினுக்கு எதிராக, ஆட்டம் முடிகிற நேரத்தில் கிடைத்த பெனால்டியை அவர் அடிக்க, அது கம்பத்தில் பட்டது. கூடுதல் நேரம், பெனால்டி ஷூட் அவுட், மொராக்கோ வெளியே. அந்தப் பழி வெகுநாள் அவர் தலையில் இருந்தது.

வாஹிட் ஹலில்ஹோஜிச் பயிற்சியாளராக வந்த பிறகு விரிசல் முற்றியது. காயம் என்று சொல்லி நட்புறவு ஆட்டங்களில் ஆட மறுத்தார் என்று பயிற்சியாளர் குற்றம்சாட்டினார், அணியிலிருந்து தூக்கினார், மஸ்ராவியும் வெளியே. 2022 தொடக்கத்தில் நடந்த ஆப்பிரிக்கக் கோப்பை இவர்கள் இல்லாமல் காலிறுதியில் எகிப்திடம் முடிந்தது. பிப்ரவரியில் ஸியெஷ் தேசிய அணிக்கு இனி வரமாட்டேன், இது இறுதி முடிவு என்றே அறிவித்துவிட்டார். யார் பக்கம் நியாயம் என்று சண்டை போட எனக்கு விருப்பமில்லை. ஆனால் பந்தை இழந்தால் பொறுக்காத பயிற்சியாளரிடம் அவர் எப்படியோ, பேச்சை நம்பாத பயிற்சியாளரிடமும் அப்படித்தான். வளைந்து கொடுக்க மாட்டார். ஆகஸ்டில் ஹலில்ஹோஜிச்சை நீக்கினார்கள், உலகக் கோப்பைக்கு மூன்று மாதமே இருக்கும்போது ரெக்ராகி வந்தார், அவர் செய்த முதல் வேலைகளில் ஒன்று ஸியெஷைக் கூப்பிட்டது.

கத்தாரில் நடந்ததைத்தான் எல்லாரும் பார்த்தார்கள், ஆனால் கவனிக்க வேண்டியது கோல்கள் அல்ல. ரெக்ராகி அவரை வலது விளிம்பிலேயே நிறுத்தினார், பின்னால் ஹக்கிமி, உள்ளே அஸெதீன் ஊனாஹி. மூன்று பேரும் ஒருவரையொருவர் மூடிக்கொள்வார்கள். அணி மொத்தமும் தன் பாதியில் கீழே உட்கார்ந்திருப்பதால், ஸியெஷ் நாற்பது மீட்டர் பந்தைத் தவறவிட்டாலும் பின்னால் ஒன்பது பேர் ஏற்கெனவே இடத்தில் நிற்கிறார்கள். அதாவது அயாக்ஸில் முன்னோக்கி ஓடிக் கொடுத்த அதே பாதுகாப்பை, மொராக்கோ பின்னால் நின்று கொடுத்தது. இரண்டும் வேறு வேறு வழி, அவருக்குக் கிடைத்த சுதந்திரம் ஒன்றுதான். அதற்கு அவர் கொடுத்த விலையும் உண்டு. செல்சியில் பார்த்தவர்கள் நம்பமாட்டார்கள், தன் பெனால்டி பாக்ஸ் வரை ஓடிவந்து ஹக்கிமிக்கு உதவிக்கொண்டிருந்தார். அரையிறுதி வரை அந்த அணி வாங்கியது ஒரே ஒரு கோல், அதுவும் கனடாவுக்கு எதிராக அகேர்ட் சொந்த வலையில் போட்டது.

பெல்ஜியத்துக்கு எதிராக இடைவேளைக்குச் சற்று முன் அவர் அடித்த ஃப்ரீ கிக் யாரையும் தொடாமல் உள்ளே போனது, சக வீரர் சாயிஸ் ஆஃப்சைடில் நின்று கோல்கீப்பரை மறைத்தார் என்று ரத்து செய்தார்கள். கடைசியில் சக வீரர் அபுக்லாலுக்குப் பின்னோக்கிக் கொடுத்து இரண்டாவது கோலை உருவாக்கினார். கனடா ஆட்டத்தில் 4-வது நிமிடத்திலேயே கோல்கீப்பர் போர்ஜான் வெளியே வந்து பந்தைச் சொதப்ப, தூரத்திலிருந்து ஒரே தொடலில் அவர் தலைக்கு மேல் தூக்கி காலி கோலில் போட்டார். ஸ்பெயினுடன் பெனால்டி. பெனினுக்கு எதிராகத் தவறவிட்ட அதே மனிதர், இரண்டாவது ஆளாக வந்து நடுவிலேயே ஓங்கி அடித்தார். போர்ச்சுகலை வீழ்த்தி உலகக் கோப்பை அரையிறுதிக்குப் போன முதல் ஆப்பிரிக்க, முதல் அரபு அணி ஆனார்கள். பிரான்ஸிடம் 2-0, மூன்றாம் இடத்துக்கு குரோஷியாவிடம் 2-1 என்று முடிந்தது.

அதன் பிறகான கிளப் வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2023 ஜனவரி 31, பாரிஸ் செயின்ட் ஜெர்மெய்னுக்குத் தற்காலிகமாக, லோனில் போகப் பாரிஸுக்கே போய்விட்டார். செல்சி அனுப்பிய ஆவணங்கள் சரியில்லை, கெடு நேரத்துக்குள் சரியானது வரவில்லை, பிரெஞ்சு லீக் பதிவு செய்ய மறுத்தது, முறையீடும் எடுபடவில்லை. அதே ராத்திரி செல்சி என்ஸோ ஃபெர்னாண்டஸை பிரிட்டன் சாதனை விலைக்கு வாங்கியது. உலகக் கோப்பை அரையிறுதி ஆடி ஏழு வாரம்கூட ஆகாத ஒருவரின் தாள் வேலையை ஒழுங்காக முடிக்க முடியவில்லை என்பதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அந்தக் கோடையில் சவூதியின் அல் நஸ்ருக்குப் போவதும் மெடிக்கலில் முறிந்தது. துருக்கியின் கலாடசராய் முதலில் லோனில் எடுத்துக்கொண்டது. மான்செஸ்டர் யுனைடெட்டுடன் 3-3 ஆட்டத்தில் இரண்டு ஃப்ரீ கிக் கோல், 2023-24-இல் 102 புள்ளியோடு துருக்கி லீக் பட்டம். அடுத்த சீசனில் வாய்ப்பு சுருங்கியது, 2025 ஜனவரியில் கத்தாரின் அல் துஹைல், அதே ஆண்டு அக்டோபரில் காசாபிளாங்காவின் விடாட். 32 வயதில் முதல் முறையாக மொராக்கோ லீகில். 2025 டிசம்பரில் சொந்த நாட்டில் தொடங்கிய ஆப்பிரிக்கக் கோப்பைக்கான அணியில் அவர் பெயர் இல்லை, அது வலித்திருக்கும்.

ஆக, இங்கிலாந்து அளவுகோலில் அவரைத் தோல்வி என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. செல்சி தவறான ஆளை வாங்கவில்லை, அவர் வந்து சேர்ந்த ஏழே மாதத்தில் வேறு மாதிரி அணியாக மாறிவிட்டது. அவரும் தன்னை மாற்றிக்கொள்ள மறுத்தார் என்று சொன்னால் அதுவும் உண்மைதான், கத்தாரில் ஓடிய அந்த ஓட்டத்தைக் கொஞ்சம் முன்னாலேயே லண்டனில் ஓடியிருக்கலாம்.

நம்ப முடியாவிட்டால் அந்த மாட்ரிட் ஆட்டத்தின் முழுப் பதிவைப் பாருங்கள், கோல் தொகுப்பு வேண்டாம். பந்து ஸியெஷின் காலை விட்டு எதிராளியிடம் போகும் ஒவ்வொரு முறையும் அவரைப் பார்க்காமல் மற்ற நாலு பேர் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். அப்புறம் டுக்கல் கால செல்சி ஆட்டம் ஏதாவது ஒன்றை எடுத்து அதையே செய்து பாருங்கள்.